காதிரைச்சல்: எதை முதலில் செய்வது, எதற்குச் செலவழிப்பது, எவ்வளவு காத்திருப்பது

வெளியே எந்த ஒலியும் இல்லாதபோது காதுக்குள் ‘ஙொய்’ என்றோ ‘உஸ்’ என்றோ ‘கிர்’ என்றோ ஏதோ ஒன்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கானது. பெரியவர்களில் பத்தில் ஒருவருக்காவது இந்தத் தொல்லை உண்டு. அப்படியிருந்தும், புதிதாக வந்தவருக்கு எங்கே தொடங்குவது என்று சொல்ல ஆள் இல்லை. எனக்குச் சொல்லப்பட்ட வரிசை தலைகீழாக இருந்தது: விலை உயர்ந்த ஸ்கேன் முதலில், எளிய கேட்டல் பரிசோதனை கடைசியில், நடுவில் மாதக்கணக்கில் மாத்திரைகள். அந்த வரிசையை நேராக்கி இங்கே தருகிறேன். நான் மருத்துவர் இல்லை. மருத்துவரின் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டியவையே இதில் இருக்கின்றன.

1. இது அவசரமா என்று முதலில் பாருங்கள்

காதிரைச்சல் பெரும்பாலும் காத்திருக்கக்கூடிய தொல்லைதான். ஆனால் சில வகைகளில் ஒரு நாள் தாமதமும் நஷ்டம்.

முதன்மையானது திடீர் கேட்டல் இழப்பு. காலையில் எழும்போது ஒரு காது அடைத்தாற்போல் இருக்கிறது, அதே காதில் இரைச்சலும் கேட்கிறது. சளியாக இருக்கும், குறும்பியாக இருக்கும் என்று நினைத்து வாரக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். மூன்று நாட்களுக்குள் ஒரு காதின் கேட்கும் திறன் சட்டென்று சரிந்தால் அது உள்காது தொடர்பானதாக இருக்கலாம். அதற்கு ஸ்டீராய்டு மருந்து தருவார்கள். முதல் இரண்டு வாரங்களுக்குள், அதிலும் முதல் சில நாட்களிலேயே தொடங்கினால்தான் பலனை ஓரளவு எதிர்பார்க்கலாம். வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று முனகிப் பாருங்கள். அந்த ஒலி அடைத்த காதிலேயே பலமாகக் கேட்டால் வெறும் அடைப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். நல்ல காதின் பக்கம் நகர்ந்தால் உள்காதைச் சந்தேகிக்க வேண்டும். இது மருத்துவரின் சோதனைக்கு மாற்றாகாது. எவ்வளவு வேகமாகக் கிளம்ப வேண்டும் என்பதற்கு ஒரு குறிப்பு, அவ்வளவுதான். எப்படி இருந்தாலும் அன்றோ மறுநாளோ காட்டிவிடுங்கள்.

நேரம் கேட்டுத் தொலைபேசியில் பேசும்போது “காதில் சத்தம்” என்று மட்டும் சொன்னால் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிடுவார்கள். “ஒரு காது திடீரென்று கேட்கவில்லை” என்று சொல்லுங்கள். அந்த வாக்கியத்துக்குத்தான் கதவு திறக்கிறது.

மற்றவை: இரைச்சலோடு முகம் ஒரு பக்கம் தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ, நிற்க முடியாதபடி தலை சுற்றினாலோ அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். தலையில் அடிபட்ட பிறகு தொடங்கிய இரைச்சலுக்கும் இதுவே பொருந்தும். நாடித்துடிப்போடு ஒத்துத் துடிக்கும் இரைச்சல், ஒரே காதில் மட்டும் விடாமல் இருக்கும் இரைச்சல், சீழ் அல்லது வலியோடு வரும் இரைச்சல் ஆகியவற்றைச் சில நாட்களுக்குள் காட்ட வேண்டும். இரைச்சல் தாங்காமல் உயிரோடு இருக்கவே வேண்டாம் என்ற எண்ணம் தலைதூக்கினால் அதுவும் அவசரமே. அன்றைக்கே வீட்டில் ஒருவரிடமும் மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள்.

பலமான இசைக்கோ வெடிச்சத்தத்துக்கோ பிறகு வரும் இரைச்சல் பெரும்பாலும் ஓரிரு நாட்களில் அடங்கிவிடும். ஒரு வாரம் தாண்டியும் இருந்தாலோ, காது மந்தமாகவே இருந்தாலோ காட்டுங்கள். இரண்டு காதிலும் மெல்ல மெல்ல வந்து, வேறு அறிகுறி எதுவும் இல்லாவிட்டால் பதற வேண்டியதில்லை.

2. போவதற்கு முன் ஒரு தாள் எழுதுங்கள்

மருத்துவரிடம் உங்களுக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. அதில் பாதி “எப்போது தொடங்கியது?” என்ற கேள்விக்குத் தயங்குவதிலேயே போய்விடும். கீழே உள்ளவற்றை ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

எப்போது தொடங்கியது, எந்தக் காது, விட்டுவிட்டா தொடர்ச்சியா. ஒலி எப்படிப்பட்டது: மெல்லிய விசிலா, காற்றோட்டம் போன்றதா, துடிப்பா. துடிப்பு என்றால், மணிக்கட்டில் விரல் வைத்து நாடியோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பல்லைக் கடிக்கும்போது, தாடையை முன்னே தள்ளும்போது, கழுத்தைத் திருப்பும்போது ஒலி மாறுகிறதா? மாறினால் தாடை மூட்டுக்கும் கழுத்துத் தசைகளுக்கும் அதில் பங்கு இருக்கலாம். அப்போது பல் மருத்துவரோ இயன்முறை மருத்துவரோ உதவக்கூடும். காது கேட்பது குறைந்திருக்கிறதா, தலைச்சுற்றல் உண்டா, இரைச்சலான இடத்தில் எத்தனை ஆண்டு வேலை பார்த்தீர்கள் என்பதையும் சேருங்கள்.

மருந்துப் பட்டியல் தனி முக்கியத்துவம் உடையது. அதிக அளவில் எடுக்கும் ஆஸ்பிரின் இரைச்சலைக் கிளப்பும். அளவைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கும். ஜென்டாமைசின், அமிகாசின், ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற ஊசி மருந்துகளும் புற்றுநோய்க்குத் தரும் சிஸ்பிளாட்டினும் உள்காதை நிரந்தரமாகவே பாதிக்கலாம். குயினைன், அதிக அளவு ஃபுரோசிமைடு ஆகியவையும் இந்தப் பட்டியலில் உண்டு. சத்து மாத்திரை, நாட்டு மருந்து உட்பட எல்லாவற்றின் அட்டைகளையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சந்தேகப்பட்டு நீங்களாகவே எதையும் நிறுத்திவிடாதீர்கள். இரைச்சலைவிடப் பெரிய ஆபத்தை அந்த மருந்து தடுத்துக்கொண்டிருக்கலாம்.

கையோடு கொண்டுபோக வேண்டிய ஆவணங்கள்: முன்பு எடுத்த ஆடியோகிராம், அதாவது கேட்டல் பரிசோதனையின் வரைபடம் (வேலைக்குச் சேரும்போது எடுத்ததுகூட உதவும்), காது அறுவை சிகிச்சை செய்திருந்தால் மருத்துவமனைச் சுருக்க அறிக்கை, பழைய ஸ்கேன் அறிக்கையோடு அதன் படங்கள், உடலில் பேஸ்மேக்கர் போன்ற கருவி பொருத்தியிருந்தால் அதன் அட்டை.

3. காதுக்குள் பார்க்கச் சொல்லுங்கள்

அடைத்த குறும்பி, நடுக்காதில் நீர், செவிப்பறையில் ஓட்டை ஆகியவை சில நிமிடங்களில் தெரிந்துவிடும். குறும்பிதான் காரணம் என்றால் செலவு மிகக் குறைவு. எடுத்தவுடனே சிலருக்கு இரைச்சல் நின்றுவிடும். எடுக்கும் முறையில் மட்டும் கவனம் தேவை. வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுவது இரைச்சலைக் கூட்டக்கூடும்; உறிஞ்சும் குழாய் காதருகே பெரும் சத்தம் எழுப்பும். “எனக்கு ஏற்கெனவே இரைச்சல் இருக்கிறது” என்று முன்கூட்டியே சொன்னால் சொட்டு மருந்து விட்டு இளக்கியபின் நிதானமாக எடுப்பார்கள். பஞ்சுக்குச்சியும், காதில் செருகிக் கொளுத்தும் மெழுகுவத்தியும் வேண்டவே வேண்டாம். குச்சி குறும்பியை உள்ளே தள்ளும். மெழுகுவத்தி காதைச் சுடும்.

இரத்த அழுத்தம், இரத்தச்சோகை, தைராய்டு ஆகியவற்றையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிடலாம். இவை விலை குறைந்த சோதனைகள், இரைச்சல் இல்லாவிட்டாலும் பயன்படுபவை.

4. கேட்டல் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்

மொத்தப் பாதையிலும் செலவுக்கு ஏற்ற பயன் மிக அதிகம் தருவது இதுதான். நாள்பட்ட இரைச்சல் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஏதோ ஓரளவு கேட்டல் குறைவு இருக்கிறது. பலருக்கு அது தெரிவதே இல்லை. உள்காதில் நத்தைச்சுருள் வடிவ உறுப்புக்குள் இருக்கும் மயிர்ச்செல்கள், வயதாலோ பேரொலியாலோ மருந்தாலோ அழிந்தால் திரும்ப முளைப்பதில்லை. அங்கிருந்து வரும் செய்தி குறையும்போது மூளை தன் பக்கத்தில் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது. நிலையம் பிடிபடாத வானொலியில் ஒலியளவைக் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து ஏறுவதைப் போன்றது இது என்பதே இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். எந்த அலைவரிசையில் கேட்டல் குறைந்திருக்கிறதோ, அதை ஒட்டியே பலருக்கு இரைச்சலின் சுருதியும் அமைகிறது.

சோதனைக்கு முந்தைய நாள் பேரொலியிலிருந்து விலகி இருங்கள். இல்லாவிட்டால் தற்காலிக மந்தம் நிரந்தரமானதுபோல் பதிவாகிவிடும். மூக்கடைப்பும் சளியும் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். அவசரம் இல்லையென்றால் தேதியை மாற்றிக்கொள்ளலாம். ஒலி புகாத அறையில் ஹெட்போன் மாட்டி, மெல்லிய ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். இரைச்சல் உள்ளவர்களுக்கு இங்கே ஒரு சங்கடம்: கேட்டது கருவியின் ஒலியா, சொந்த ஒலியா? விட்டுவிட்டு வரும் ஒலியைத் தரச் சொல்லிக் கேளுங்கள், பிரித்தறிவது எளிதாகிவிடும்.

கையில் கிடைக்கும் வரைபடத்தைப் படிப்பது கடினமில்லை. வலது காது சிவப்பு வட்டம், இடது காது நீலப் பெருக்கல் குறி. இடமிருந்து வலமாகச் சுருதி ஏறும், பெரும்பாலும் 250 ஹெர்ட்ஸ் முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை. மேலிருந்து கீழாக டெசிபல். குறி கீழே இறங்க இறங்கக் கேட்டல் குறைவு அதிகம். எல்லாக் குறிகளும் 20 டெசிபலுக்கு மேற்பக்கமாக இருந்தால் இயல்பு. 4000 ஹெர்ட்ஸ் அருகில் மட்டும் ஒரு பள்ளம் விழுந்திருந்தால் அது பேரொலி பாதிப்பின் வழக்கமான அடையாளம். இரு காதுகளின் கோடுகளும் ஒன்றைவிட்டு ஒன்று வெகுதூரம் விலகியிருந்தால் அடுத்த பகுதி உங்களுக்கானது. எல்லாம் இயல்பு என்று வந்தால் இரைச்சல் கற்பனை என்று அர்த்தமில்லை. 8000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை வழக்கமான சோதனை அளப்பதே இல்லை.

இரைச்சலின் சுருதியையும் அளவையும் பொருத்திப் பார்க்கும் சோதனையும் உண்டு. தலைக்குள் ரயில் ஓடுவதாகச் சொல்பவருக்குக்கூட, கேட்டல் வரம்பிலிருந்து சில டெசிபல் மட்டுமே உயரமான ஒலி என்று முடிவு வருவது வழக்கம். மனம் தளர வேண்டாம். துன்பத்தை அளக்க வேறு கருவி இருக்கிறது: 25 கேள்விகள் கொண்ட, 0 முதல் 100 வரை மதிப்பெண் தரும் காதிரைச்சல் பாதிப்புப் படிவம். 16 வரை இருந்தால் லேசானது. 58 முதல் கடுமையானது. முதல் வருகையிலேயே இதை நிரப்பித் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சிகிச்சை பலித்தது என்று ஆறு மாதம் கழித்துச் சொல்லப்போவது இந்த எண்தான்.

ஆடியோகிராமின் நகலை அன்றே கேட்டு வாங்குங்கள். ‘இயல்பு’ என்றோ ‘மிதமான குறைவு’ என்றோ ஒற்றை வரி எழுதித் தருவதை ஏற்காதீர்கள், வரைபடமே வேண்டும். இரைச்சலான தொழிலில் இருப்பவர்களுக்கு அது இழப்பீட்டுக்கான சான்றும் ஆகும். அத்தகைய கோரிக்கைகளுக்குப் பெரும்பாலும் கால வரம்பு உண்டு, பாதிப்பு தெரியவந்த தேதி அதில் முக்கியமாகலாம். ஆகவே தேதியும் கையொப்பமும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.

5. ஸ்கேன் எல்லோருக்கும் இல்லை

இரைச்சல் இரண்டு காதிலும் சமமாக இருந்து, ஆடியோகிராமும் சமச்சீராக இருந்து, வேறு நரம்பு அறிகுறி இல்லையென்றால் ஸ்கேன் வழக்கமாகத் தேவைப்படாது. ஒரே காதில் மட்டும் இரைச்சல், இரு காதுகளுக்கிடையே கேட்டல் வேறுபாடு என்றால், கேட்டல் நரம்பருகே வளரும் புற்றுநோய் அல்லாத கட்டி இல்லை என்று உறுதி செய்ய எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். துடிக்கும் இரைச்சலுக்கு இரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன் வேண்டியிருக்கும். “எனக்கு எதற்காக ஸ்கேன்?” என்று கேளுங்கள், காரணத்தைப் பரிந்துரைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பதும் அதைத்தான்.

எம்.ஆர்.ஐ. இயந்திரமே 100 டெசிபலைத் தாண்டிச் சத்தம் போடும். காதடைப்பான், மேலே காதுமூடி இரண்டும் கேட்டு வாங்கிச் சரியாகப் பொருத்திய பிறகே படுங்கள். படம் தெளிவாகத் தெரிவதற்கான மாறுபாட்டு மருந்து ஏற்றுவதாக இருந்தால் சிறுநீரகச் சோதனை கேட்கக்கூடும். அதை முன்னரே முடித்திருந்தால் ஒரு வருகை மிச்சம். அறிக்கையில் ‘நரம்பருகே இரத்தக்குழாய் வளைவு’ போன்ற வரிகளைப் பார்த்து இரவெல்லாம் விழித்திருக்க வேண்டாம். அது தொல்லையே இல்லாதவர்களிடமும் சாதாரணமாகத் தென்படுவது.

6. பணம் வீணாகும் இடங்கள்

நாள்பட்ட காதிரைச்சலை நிறுத்துவதாக நிரூபிக்கப்பட்ட மாத்திரை இன்றுவரை இல்லை. இந்த வாக்கியத்தை யாராவது முதல் நாளே எனக்குச் சொல்லியிருக்கலாம். தாராளமாக எழுதித் தரப்படும் பீட்டாஹிஸ்டினை, இரைச்சலுக்கு மட்டும் என்றால் தர வேண்டாம் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கத்தின் 2014 வழிகாட்டுதல் ஜின்கோ, மெலடோனின், துத்தநாகம் முதலிய சத்துப் பொருட்களைப் பரிந்துரைக்க வேண்டாம் என்கிறது. மனச்சோர்வு, வலிப்பு, பதற்றம் ஆகியவற்றுக்கான மருந்துகளை இரைச்சலுக்கென்று வழக்கமாகத் தருவதையும் அது ஏற்கவில்லை. மனச்சோர்வு கூடவே இருந்தால் அதற்கு மருந்து எடுப்பது வேறு விஷயம், அதைத் தவிர்க்காதீர்கள்.

தலைச்சுற்றலும் ஏறி இறங்கும் கேட்டல் குறைவும் சேர்ந்து வரும் மெனியர் நோய்க்குத் தனி மருத்துவம் உண்டு. எனவே மருந்துச்சீட்டு கைக்கு வந்ததும் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: “இது எந்தக் காரணத்துக்காக?” “பலன் இல்லையென்றால் எந்தத் தேதியில் நிறுத்தலாம்?” நிறுத்தும் தேதி சொல்லப்படாத மருந்து ஆண்டுக்கணக்கில் ஓடும்.

‘30 நாளில் முழு நிவாரணம்’ என்று முன்பணம் கேட்கும் இடங்களைப் பற்றி நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. காப்பியை விட்டால் இரைச்சல் போகும் என்பதற்கும் சான்று இல்லை. சட்டென்று விட்டால் தலைவலிதான் வரும்.

7. கேட்கும் கருவி: பொறுமையாக வாங்குங்கள்

கேட்டல் குறைவு இருப்பவர்களுக்கு மிகவும் உதவக்கூடிய செலவு இது, மிகப் பெரிய செலவும் இதுதான். வெளியொலி போதுமான அளவு உள்ளே வரும்போது இரைச்சல் பின்னுக்குப் போகிறது. பேச்சைப் புரிந்துகொள்ளும் சிரமமும் குறைவதால் உடல் அலுப்பும் தணிகிறது. லேசான குறைவுதான் என்று தள்ளிவிடாமல், போட்டுப் பார்க்க ஒரு வாய்ப்புக் கேளுங்கள்.

விலையைக் கேட்கும்போது கருவியின் விலையை மட்டும் கேட்காதீர்கள். பொருத்துதல், பின்னர் செய்யும் திருத்தங்கள், காது அச்சு, பேட்டரி, உத்தரவாத ஆண்டுகள் எல்லாம் அதில் அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். சோதனைக் காலம் எத்தனை நாள், திருப்பித் தந்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். பல காப்பீடுகள் கேட்கும் கருவியைத் தனி விதியில் வைத்திருக்கின்றன. வாங்கிய பிறகு விண்ணப்பித்தால் மறுக்கப்படலாம், ஆகவே முன் அனுமதி கேளுங்கள். மூளை பழகச் சில வாரங்களாவது ஆகும். முதல் நாள் எல்லாச் சத்தமும் கூர்மையாகக் குத்தும். அதற்காகப் பெட்டிக்குள் வைத்துவிடாமல் திருத்தத்துக்குப் போங்கள். சோதனைக் காலம் முடிவதற்குள் குறைந்தது ஒரு திருத்தமாவது முடிந்திருக்கும்படி தேதிகளை அமைத்துக்கொள்ளுங்கள்.

8. இரவுக்கு ஏற்பாடு

1953-இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர், கேட்டல் குறை இல்லாத 80 பேரை ஒலி புகாத அறையில் உட்கார வைத்தார்கள். 94 விழுக்காட்டினர் ஏதோ ஓர் ஒலி கேட்டதாகச் சொன்னார்கள். அமைதியே இரைச்சலை முன்னுக்குக் கொண்டுவருகிறது. எனவே நிசப்தமான அறையைத் தேடாதீர்கள். மின்விசிறி, பதிவு செய்த மழை ஒலி, அலையோசை என்று அலுப்பூட்டும் ஏதாவது ஒன்று பின்னணியில் ஓடட்டும். பாட்டும் பேச்சும் கவனத்தை இழுக்கும், தூக்கத்துக்கு உதவாது. ஒலியளவு இரைச்சலைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்க வேண்டும். முழுவதும் மூழ்கடித்தால் மூளைக்குப் பழகும் வாய்ப்பே கிடைக்காது, காதும் களைக்கும். இதற்கு இலவசச் செயலிகளே போதும். காதுக்குள் செருகும் கருவியோடு தூங்காமல் ஒலிபெருக்கியில் வையுங்கள்.

தூக்கம் வராமல் அரை மணி நேரம் புரண்டால் எழுந்து வேறு அறையில் உட்கார்ந்து, தூக்கம் கண்ணை அழுத்தியதும் திரும்புங்கள். இரைச்சல் இன்று எவ்வளவு என்று அடிக்கடி அளந்து பார்ப்பதை விட்டுவிடுங்கள். அது கவனத்தை அங்கேயே கட்டிவைக்கும்.

9. மனப் பயிற்சியைக் கடைசி வழியாக வைக்காதீர்கள்

எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்சி தரும் அறிவுசார் நடத்தைச் சிகிச்சை என்று சொன்னதும் ‘எனக்கு மனநோய் இல்லையே’ என்று பலர் எழுந்துவிடுகிறார்கள். இரைச்சலால் வரும் துன்பத்தைக் குறைக்கிறது என்று ஓரளவு உறுதியான சான்று கிடைத்திருப்பது இதற்குத்தான். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2020 ஆய்வுத் தொகுப்பும் அதையே சொல்கிறது. ஒலியின் அளவு குறையாது. அது வாழ்க்கையில் பிடித்திருக்கும் இடம் குறையும். வழக்கமாகச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை அமர்வுகள் இருக்கும். நேரில் கிடைக்காவிட்டால் இணையவழி அமர்வுகளும் உண்டு. மொத்தம் எத்தனை அமர்வு, ஒன்றுக்கு எவ்வளவு கட்டணம், வீட்டுப்பாடம் உண்டா என்று தொடக்கத்திலேயே கேளுங்கள். பயிற்சியைத் தராமல் பேச்சோடு மட்டும் நிற்கும் இடமாக இருந்தால் வேறு இடம் பாருங்கள்.

ஒலியும் ஆலோசனையும் சேர்ந்த மறுபயிற்சி முறை இன்னும் நீண்டது, 12 முதல் 18 மாதங்கள். அவ்வளவு காலம் தொடர முடியும் என்றால் மட்டும் தொடங்குங்கள்.

10. மீதியைக் காப்பாற்றுவதும் மறுபரிசோதனையும்

பணியிடங்களுக்குப் பரவலாகச் சொல்லப்படும் வரம்பு 85 டெசிபலில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகும்: 88-இல் 4 மணி, 100-இல் 15 நிமிடம்தான். பேரொலி உள்ள இடத்தில் காதடைப்பான் கட்டாயம். ஆனால் பயந்துபோய் வீட்டிலும் தெருவிலும் அதை மாட்டிக்கொண்டு திரிந்தால் சாதாரண ஒலியே உறைக்கத் தொடங்கிவிடும், இரைச்சலும் உரக்கக் கேட்கும். இந்தப் பொறியில் விழுபவர்கள் பெரும்பாலும் அதிக கவனமாக இருப்பவர்களே.

தூக்கமின்மை, சளி, மன அழுத்தம் ஆகியவற்றால் இரைச்சல் சில நாட்கள் ஏறி இறங்கும். அதற்காக ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம் ஓட வேண்டியதில்லை. ஆறு மாதம் தாண்டியும் நீடித்தால் நாள்பட்டது என்று எடுத்துக்கொண்டு, படிவத்தை மீண்டும் நிரப்பிப் பழைய மதிப்பெண்ணோடு ஒப்பிடுங்கள். ஆடியோகிராமை ஆண்டுக்கு ஒருமுறையோ உங்கள் மருத்துவர் சொல்லும் இடைவெளியிலோ எடுங்கள். ஒலி புதிதாகத் துடிக்கத் தொடங்கினாலோ, ஒரு காதுக்கு ஒதுங்கினாலோ, கேட்டல் சட்டென்று குறைந்தாலோ அந்தத் தேதிவரை காத்திருக்காமல் உடனே போங்கள்; போகும்போது முதல் ஆடியோகிராமின் நகலும் பையில் இருக்கட்டும்.